நன்னம்பிக்கை முனையின் 17ஆம் நூற்றாண்டுக் குடியேறிகள்: வம்சாவளி தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் இன்று இருக்கும் இடத்தில், அதாவது நன்னம்பிக்கை முனையில் (இனி வெறும் 'முனை'), 1652-இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கோட்டையும் காய்கறித் தோட்டமும் போட்டது. அங்கே வந்து சேர்ந்தவர்களின் சந்ததியார் இன்று பல லட்சம் பேர். கம்பெனி எழுதி வைக்காத விஷயமே இல்லை என்பதால் 350 ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டன் பூட்டனைக்கூடப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க முடிகிறது. பாட்டிகளைத் தேடும்போதுதான் சிக்கல். அந்தப் பாட்டிகளில் சிலர் நம் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள்.

முதல் குடியேறிகள் என்று யாரைச் சொல்வது?

1652 ஏப்ரல் 6 அன்று கம்பெனியின் தளபதி யான் வான் ரிபீக் வந்து இறங்கினார். அவரோடு வந்த யாரும் குடியேற வந்தவர்கள் அல்லர், எல்லாரும் கம்பெனியின் சம்பளக்காரர்கள். ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீர், இறைச்சி, கீரை கொடுப்பதுதான் அவர்கள் வேலை. சம்பள ஆட்களை வைத்துப் பயிர் செய்தது கட்டுப்படியாகவில்லை. அதனால் 1657 பிப்ரவரியில் ஒன்பது பேரைப் பணியிலிருந்து விடுவித்து, லீஸ்பீக் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தார்கள். இவர்களுக்குச் 'சுதந்திர பர்கர்கள்', அதாவது கம்பெனிச் சம்பளத்தில் இல்லாத குடிமக்கள், என்று பெயர். இலங்கையில் நாம் பறங்கியர் என்று அழைப்பவர்களுக்கு வழங்கும் 'பர்கர்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

குடியேற்றக் குடும்பங்களின் கணக்கு இந்த 1657-இலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் வந்தவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள், அல்லது பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார்கள். "எங்கள் மூதாதை வான் ரிபீக்கோடு முதல் கப்பலில் வந்தார்" என்று குடும்பத்தில் சொல்லக் கேட்டால், 1657-க்குப் பின் அவர் பெயர் குடிக்கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவர்கள் எல்லாரும் டச்சுக்காரர்களா?

இல்லை. கம்பெனிச் சிப்பாய்களில் பெரும்பகுதி ஜெர்மன் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் சம்பளம், ஐந்தாண்டு ஒப்பந்தம். ஊரில் பஞ்சமோ போரோ என்றால் ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்தே வந்து பெயர் கொடுப்பார்கள். ஸ்வீடன், டென்மார்க், பெல்ஜியப் பகுதி ஆட்களும் உண்டு. எழுத்தர் டச்சுக்காரர் என்பதால் ஹைன்ரிஷ் என்று வந்தவர் ஹென்ட்ரிக் ஆகிவிடுவார். ஆகவே பெயரின் டச்சு ஓசையை வைத்து நெதர்லாந்தில் தேடத் தொடங்குவது வீண் வேலை. திருமணப் பதிவேட்டில் மணமகனின் பெயருக்குப் பின் ஊர் எழுதியிருக்கும். அந்த ஊர்தான் உங்கள் திசைகாட்டி.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடமிருந்துதான், பின்னோக்கி. 1660-இல் ஒருவரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கி வந்தால் ஒரே பெயருள்ள மூன்று பேரில் தவறானவர் வழியாக இறங்கிவிடுவீர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் மூன்று தாள்கள் கையில் வேண்டும்: பெற்றோர் பெயர் வரும் ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, இறப்புக்குப் பின் எழுதிய சொத்துப் பட்டியல் அல்லது உயில். மூன்றில் குறைந்தது இரண்டு தாள்களாவது ஒத்துப்போகாமல் அடுத்த படிக்கு ஏறாதீர்கள்.

1990-இல் பிறந்தவருக்கு, தலைமுறைக்கு 30 ஆண்டு வைத்தால், 1660 என்பது பதினொன்றாம் படி. அந்தப் படியில் மட்டும் 2,048 இடங்கள். ஆனால் அன்றைய முனையில் அத்தனை குடிகளே கிடையாது. ஒரே ஆள் நான்கைந்து இடங்களில் திரும்பத் திரும்ப வருவார். அதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எந்த ஆவணத்தில் என்ன கிடைக்கும்?

ஞானஸ்நானப் பதிவேடு 1665-இல் நிரந்தரப் போதகர் வந்ததிலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. அதற்கு முன், வழியில் தங்கிய கப்பல்களின் போதகர்கள் கொடுத்த ஞானஸ்நானங்கள் ஆங்காங்கே கிடைக்கும். பதிவில் பிறந்த நாளைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள், ஞானஸ்நான நாள்தான் இருக்கும். சாட்சிகளின் பெயரைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று நெருங்கிய உறவினரே பெரும்பாலும் சாட்சி நிற்பார்கள். தாயின் பெயர் விடுபட்ட இடத்தில் சாட்சிதான் வழி காட்டுவார்.

குடிக்கணக்கு, அதாவது டச்சில் 'ஒப்காஃப்', வரி விதிப்பதற்காக ஆண்டுதோறும் எடுத்தது. குடும்பத் தலைவர், மனைவி, மகன்கள், மகள்கள், வேலையாட்கள், அடிமைகள், மாடு, ஆடு, திராட்சைக் கொடி, விதைத்த கோதுமை, அறுத்த கோதுமை என்று வரிசையாக எண்கள் இருக்கும். குழந்தைகளின் பெயர் இருக்காது. கால்நடைக் கணக்கை நம்பாதீர்கள், வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்வது அன்றும் உண்டு. ஆனால் ஓர் ஆண்டு மனைவியின் கட்டம் காலியாகி, இரண்டாண்டு கழித்து வேறு பெயரோடு நிரம்பினால், நடுவில் ஒரு சாவும் மறுமணமும் நடந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் மேலானது, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் சொத்துப் பங்கைக் கவனித்த அலுவலகமான அனாதைகள் சபையின் சொத்துப் பட்டியல். 1670-களிலிருந்து கிடைக்கிறது. ரோமன்-டச்சுச் சட்டப்படி கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்து. ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. விதவையோ மனைவியை இழந்தவரோ மறுமணம் செய்ய வேண்டுமானால், முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கை ஒதுக்கிவிட்டதாகச் சபையில் சான்று வாங்க வேண்டும். அதனால் எந்தத் தாரத்துக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன வயது, மகளின் கணவர் யார் என்பதெல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். கூடவே வீட்டின் அறை அறையாகச் செம்புச் சட்டி, கட்டில், கிழிந்த திரை வரைக்கும் எழுதியிருப்பார்கள். இந்தப் பட்டியல்களை எழுத்துப்பெயர்த்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

மூல ஏடுகள் கேப் டவுன் ரோலண்ட் தெருவில் உள்ள மேற்கு கேப் காப்பகத்தில் உள்ளன. டச்சு சீர்திருத்தச் சபையின் ஏடுகளுக்கு ஸ்டெலன்பாஷில் தனிக் காப்பகம் உண்டு, அவற்றில் பலவற்றின் படங்களை ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனியின் கப்பல் சம்பள ஏடுகள் தி ஹேக் நகரத் தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓர் ஆளுக்கு ஒரு பக்கம், ஊர், கப்பல், சம்பளம், கடன், கடைசியில் என்ன ஆனார் என்பது வரை. 1700-ஐ ஒட்டித் தொடங்கும் ஏடுகள்தான் வரிசையாகக் கிடைப்பவை. 17ஆம் நூற்றாண்டு ஆளுக்கு முனையிலேயே எடுத்த ஆள்பட்டியல்களை நம்ப வேண்டியதுதான்.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கிறதே, எது சரி?

மூன்றுமே சரியாக இருக்கலாம். யான்ஸ் என்று முடிந்தால் யானின் மகன் என்று பொருள். நாம் தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுவது போல அவர்கள் பின்னால் போட்டார்கள். மகன் தலைமுறைக்கு வரும்போது இது மாறிவிடும். ஹென்ட்ரிக் யான்ஸின் மகன் பீட்டர், பீட்டர் ஹென்ட்ரிக்ஸ் ஆவான். இதைக் குடும்பப் பெயர் என்று எண்ணினால் அந்த இடத்திலேயே கொடிவழி அறுந்துவிடும். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே ஆவணங்களில் வருவார்கள். தேடுபவருக்கு இது பெரிய வரம்.

பெயர் வைப்பதிலும் ஒரு முறை உண்டு. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா, இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா. பெயரன் என்ற சொல்லிலிருந்தே பேரன் வந்தது என்பதை அறிந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு மரியாக்களைப் பார்த்தால் முதல் மரியா இறந்துவிட்டாளா என்று பாருங்கள். இந்த முறை ஒரு துப்புதான், சான்றாகாது.

'வான்' என்று இருந்தால் பிரபுக் குடும்பமா? குலச் சின்னம் வாங்கலாமா?

'வான்' என்றால் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்பதுதான். ஒரு பிரபுவுக்கும் வரும், ஓர் அடிமைக்கும் வரும். குலச் சின்னம் என்று சட்டமிட்டு விற்கப்படுபவை பெரும்பாலும் அதே பெயருள்ள வேறு குடும்பத்தினுடையவை. பணத்தை மிச்சப்படுத்தி இரண்டு பத்திரப் பிரதிகள் வாங்குங்கள்.

பழைய ஏடுகளில் தேதியை எப்படிப் படிப்பது?

7பெர், 8பெர், 9பெர், 10பெர் என்று எழுதியிருந்தால் அவை ஜூலை முதல் அக்டோபர் வரை அல்ல. லத்தீனில் செப்டம் ஏழு, ஆக்டோ எட்டு. ஆக 7பெர் செப்டம்பர், 10பெர் டிசம்பர். இணைய மரங்களில் கல்யாணத்துக்கு முன்பே பிறந்ததாகக் காட்டப்படும் தலைப்பிள்ளைகளில் ஒரு பங்கு இந்தத் தவறான வாசிப்பால் வந்தவர்கள்தான்.

இன்னொன்று நாட்காட்டி. ஹாலந்து மாகாணம் 1582-83 வாக்கிலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, கம்பெனியும் முனையும் அதையே பின்பற்றின. ஆனால் கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃப்ரீஸ்லாந்து போன்ற மாகாணங்களும் புராட்டஸ்டன்ட் ஜெர்மன் நாடுகளும் 1700 வாக்கில்தான் மாறின. 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். சிப்பாயின் சொந்த ஊர்ப் பதிவையும் முனைப் பதிவையும் ஒப்பிடும்போது இந்தப் பத்து நாளைக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

'வான் பெங்காலே', 'வான் டெ கஸ்ட்' என்ற பெயர்கள் யாருடையவை?

அடிமைகளுடையவை, அல்லது அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர்களுடையவை. 'கஸ்ட்' என்றால் கரை, அதாவது பெரும்பாலும் சோழமண்டலக் கரை. 'வான் பாலியகட்டா' என்பது பழவேற்காடு, 'வான் ட்ரங்கபார்' தரங்கம்பாடி. மலபார், கொச்சி, இலங்கை, மக்காசர், மடகாஸ்கர் பெயர்களும் உண்டு.

பழவேற்காட்டில் 1613-இலிருந்து கம்பெனியின் கெல்டிரியா கோட்டை இருந்தது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, கஞ்சிக்கு வழியில்லாத மக்களைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றியது. முனைக்கு வந்த இந்தியர்களில் பலர் இப்படி பத்தாவியா வழியாகச் சுற்றி வந்தவர்கள், அல்லது திரும்பும் கப்பல்களின் அதிகாரிகள் வழியில் விற்றுவிட்டுப் போனவர்கள். 1652-இலிருந்து 1808 வரை முனைக்கு வந்த அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அதில் நான்கில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்தவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயரில் உள்ள ஊர் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்ற துறைமுகமாக இருக்கலாம், கப்பல் ஏறிய இடமாக இருக்கலாம், விற்றவர் வாய்க்கு வந்ததாகவும் இருக்கலாம். ஒரே பெண் ஒரு பத்திரத்தில் பெங்காலே, இன்னொன்றில் கஸ்ட் என்று வருவது உண்டு. முதல் பெயரும் அவர்கள் தாய் தந்தை வைத்தது அல்ல. பிப்ரவரி, செப்டம்பர், கியூப்பிடோ, டைட்டஸ் என்று எசமானர் வைத்த பெயர்கள் அவை. ஆகவே 'வான் டெ கஸ்ட்' என்பதை வைத்து "தமிழர்" என்று நேராக முடிவு கட்டாதீர்கள். தெலுங்கராகவும் இருக்கலாம், உள்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவராகவும் இருக்கலாம்.

பழவேற்காட்டுக் கத்தரினா உண்மையில் இருந்தவரா?

இருந்தவர்தான், ஆவணங்களும் உண்டு. கத்தரினா வான் பாலியகட்டா, 'பெரிய கத்ரைன்' என்று அழைக்கப்பட்டவர். பத்தாவியாவில் தன் காதலனைக் கொன்ற வழக்கில் 1656-இல் மரண தண்டனை விதித்தார்கள். பின் அதை ஆயுள் நாடுகடத்தலாகக் குறைத்து, 1657-இல் முனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிப்பாயின் மூலம் அவருக்குப் பிறந்த மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன், 1669-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த மகன் ஹியூகனாட், அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் குடும்பத்து மார்கரித் டி சவோயை மணந்தார். இன்று ஸ்னைமன் என்ற ஆப்பிரிகானர் (முனைக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையர்) குடும்பப் பெயர் தாங்கியோரின் தலைமூதாட்டி இவர்தான். நாடுகடத்தப்பட்ட கைதி என்பதால் அவரைப் பற்றி நீதிமன்ற ஏடுகள் இருக்கின்றன, அடிமை விற்பனைப் பத்திரம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொருவர் அங்கேலா வான் பெங்காலே. வான் ரிபீக் வீட்டில் அடிமையாக இருந்து, வேறொருவருக்கு விற்கப்பட்டு, 1666-இல் விடுதலை பெற்றார். 1669-இல் ஆர்னோல்டஸ் பாஸனை மணந்தார், பாஸன் குடும்பத்தின் மூதாட்டி. இவர் மகள் அன்னா டி கோனிங், ஸ்வீடன்காரர் ஓலோஃப் பெர்ஃகை மணந்து பிற்காலத்தில் கேப் டவுன் அருகே உள்ள கொன்ஸ்டான்ஷியா மாளிகைக்கே எசமானி ஆனார்.

அடிமைப் பெண் எப்படிக் குடியேறிகளின் மனைவியாக முடிந்தது?

முதல் தலைமுறையில் ஐரோப்பியப் பெண்கள் மிகக் குறைவு. சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலைதான், அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அடிமை. ஆனால் தாயை விலைக்கு வாங்கி விடுதலை செய்து, ஞானஸ்நானம் கொடுத்து, மணந்துகொள்ளத் தடை இருக்கவில்லை.

1685-இல் கம்பெனியின் மேற்பார்வை ஆணையராக வந்த வான் ரீட், கேரளத் தாவரங்களைப் பற்றி ஹார்ட்டஸ் மலபாரிகஸ் தொகுத்த அதே ஆள், ஐரோப்பியர் முழு அடிமைப் பிறப்புப் பெண்களை மணப்பதைத் தடுத்தார். தந்தை ஐரோப்பியராயிருந்த கலப்புப் பெண்களை மணக்கலாம் என்றார். கம்பெனியின் அடிமை விடுதியில் இருந்த கலப்புப் பிள்ளைகள் டச்சு பேசி, சபையில் சேர்ந்திருந்தால், ஆண் 25 வயதிலும் பெண் 22 வயதிலும் விடுதலை கோரலாம் என்ற விதியும் அவருடையது. அதனால் ஏடுகளில் 'ஹேல்ஸ்லாஃக்', 'ஹால்ஃப்ஸ்லாஃக்' என்ற குறிப்புகளைப் பார்ப்பீர்கள். முன்னது முழு அடிமைப் பிறப்பு, பின்னது கலப்பு. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் இனவெறி தலைக்கேறிய காலத்தில், குடும்ப வரலாறு எழுதியோர் இந்தப் பாட்டிகளை நைசாக நழுவவிட்டார்கள். அச்சுப் புத்தகத்தில் மனைவியின் பெயர் வெறும் 'மரியா' என்று மொட்டையாக நின்றால், மூல ஏட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மண்ணின் மக்களான கொய்கொய் முன்னோரைத் தேட முடியுமா?

மிகக் கடினம். பெயரோடு தெரிந்த பாதை குரோட்டோவாவுடையது. வான் ரிபீக் வீட்டில் வளர்ந்து மொழிபெயர்ப்பாளரான இவர் ஞானஸ்நானத்தில் ஏவா ஆனார், 1664-இல் டேனிஷ் மருத்துவர் பீட்டர் வான் மேர்ஹோஃபை மணந்தார், 1674-இல் இறந்தார். மகள் பெட்ரோனெல்லா, டானியல் சைமன் என்பவரை மணந்த வழியில் சந்ததி தொடர்கிறது. 1713 பெரியம்மையில் கொய்கொய் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள், சபைப் பதிவேட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்குத் தாளும் இல்லை.

ஹியூகனாட்கள் எத்தனை பேர்?

பிரான்ஸில் 1685-இல் புராட்டஸ்டன்ட் உரிமை ரத்தான பிறகு ஓடியவர்களில் 150 முதல் 200 பேர் 1688-ஐ ஒட்டி முனைக்கு வந்தார்கள். டிராக்கன்ஸ்டைன், ஃபிரான்ஸ்ஹூக் பக்கம் டச்சுக்காரரோடு கலந்து நிலம் கொடுத்ததால், இரண்டு தலைமுறையில் பிரெஞ்சு மொழி போய்விட்டது. பெயர்களும் மாறின. விலியோன் வில்யூன் ஆனது, செனஷால் செனேகல் ஆனது, Pinard என்ற பெயர் அதே பினார் ஓசையோடு, எழுத்து மட்டும் டச்சு முறையில் Pienaar ஆனது. ஆகவே எழுத்தை விட்டு ஓசையைப் பிடித்துத் தேடுங்கள்.

புத்தகங்களில் b4c2d1 போன்ற குறி எதற்கு?

வம்சாவளி நூலாசிரியர்களான டி வில்லியர்ஸ், பாமா பெயர்களால் வழங்கும் எண்முறை அது. முதலில் வந்த மூலப்புருஷர் a. அவர் பிள்ளைகள் b, பேரர் c, கொள்ளுப்பேரர் d. b4c2d1 என்றால் மூலப்புருஷரின் நான்காம் பிள்ளைக்கு இரண்டாவதாகப் பிறந்தவரின் முதல் பிள்ளை. கோளாறு எங்கே என்றால், புதிதாக ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் கிடைத்தால் b4 என்பவர் b5 ஆகிவிடுவார். பழைய பதிப்பின் எண்ணையும் புதிய பதிப்பின் எண்ணையும் கலந்தால் குழப்பம்தான். இந்த முறை ஆண்வழி மட்டுமே, மகளின் கொடி அவள் கணவன் குடும்பத்தின் பக்கத்தில் தொடரும்.

மரபணுச் சோதனை போதுமா?

போதாது. பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு வரும் என்பது கணக்கு. உண்மையில் அந்த ஆளிடமிருந்து ஒன்றுமே வராமல் போக வாய்ப்பு பாதிக்கு மேல். எனவே சோதனையில் இந்தியப் பங்கு பூஜ்யம் என்று வந்தால் கத்தரினா உங்கள் பாட்டி இல்லை என்று ஆகாது. தாய் வழியே மகளுக்கு மகள் மாறாமல் வரும் மைட்டோகாண்ட்ரியா சோதனைதான் இங்கே பயன்படும். ஆனால் அதற்கு இடையில் ஓர் ஆண்கூட இல்லாத தாய்வழி இருக்க வேண்டும். ஸ்னைமன் கொடி மகன் வழியாக இறங்குவதால், கத்தரினாவின் மைட்டோகாண்ட்ரியா அந்த வழியில் யாருக்கும் வராது.

மரபணு சாட்சி சொல்லும் இன்னொரு வழக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் வேரிகேட் போர்ஃபிரியா என்ற பரம்பரை நோயை, 1688-இல் முனையில் மணந்துகொண்ட கெரிட் யான்ஸ், ஆரியாந்தியே யாக்கோப்ஸ் தம்பதி வரை ஆய்வாளர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தப் பெண் ராட்டர்டாமிலிருந்து வந்த அனாதைப் பெண்களில் ஒருவர். சில மயக்க மருந்துகள், குறிப்பாகத் தயோபென்டோன், இந்த மரபணு உள்ளவர்களுக்கு ஆபத்து. வம்சாவளியில் இந்தத் தம்பதி வந்தால் அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நேட்டால் தமிழர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

வேறு காலம், வேறு கரை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையான நேட்டாலில், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து 1860 நவம்பர் 16 அன்று இறங்கியவர்களும், 1911 வரை தொடர்ந்து போனவர்களும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். கேப் அடிமைமுறை அதற்கு முன்பே, 1834-இல் சட்டப்படி முடிந்துவிட்டது. தேடும் முறையும் வேறு. நேட்டால் கப்பல் பட்டியலில் கூலியின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் வரை எழுதியிருக்கும். அந்தக் கிராமப் பெயரைத் தாலுகாவோடு சேர்த்துப் பிடித்தால் ஊருக்கே போய் விசாரிக்கலாம். முனைக்குப் போன 17ஆம் நூற்றாண்டுப் பெண்ணுக்கு ஏட்டில் இருப்பது எசமானர் வைத்த ஒரு பெயரும் ஒரு துறைமுகமும்தான்.